தொண்டை கிழியாமல் ராப் சொல்வது எப்படி: எல்லைப் பக்கத்துப் புதியவர்களுக்கு

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். பாலக்காட்டு எல்லையில் எந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டினாலும் இப்போது ராப் எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வரிகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. வாயைத் திறந்து சொல்லும்போதுதான் சிக்கல். பாதி வரி பீட்டுக்குள் (பின்னணித் தாள இசைக்குள்) முங்கிப்போகிறது, மீதிப் பாதி வேறு யாரோ ஊர்க்காரர் குரலில் வருகிறது. எழுதியதைக் கடைசி வரிசையில் நிற்கிறவர் காதுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

பழக நாலு வரி வேண்டும். உங்களுடையது இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தற்காலிகமாக இது:

வாளையார் தாண்டி வந்த காத்து
வாசல்ல நிக்குது என்னப் பாத்து
எந்த ஊருன்னு கேக்குற ஆளு
ரெண்டு பக்கமும் என்னோட காலு

முதலில் பேசுங்கள்

பீட்டைப் போடாதீர்கள். எதிரில் நண்பர் ஒருவரை உட்காரவைத்து, இந்த நாலு வரியையும் ஊர்ச் சண்டையைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் அதே வரிகளை நீங்கள் வழக்கமாக ராப் செய்யும் விதத்தில் சொல்லி அதையும் பதியுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு முதல் பதிவில் உயிர் இருக்கும். இரண்டாவதில் குரல் தடித்து, மூக்கு அடைத்து, ‘ர’ எல்லாம் அமெரிக்க ‘ர’வாகச் சுருண்டிருக்கும். கொழிஞ்சாம்பாறைத் தமிழுக்கு என்று ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. கொங்குப் பேச்சின் ‘ங்க’ இழுப்பு ஒரு பக்கம், மலையாளத்தின் மூக்கொலி இன்னொரு பக்கம். கோயம்புத்தூரில் இதைக் கேட்டு மலையாளத்தான் என்பார்கள், திருச்சூரில் பாண்டி என்பார்கள். கிண்டலுக்குப் பயந்து அதை மறைத்து, சென்னைப் பேச்சையோ வெளிநாட்டுப் பேச்சையோ போட்டுக்கொண்டால் தன்னம்பிக்கை அங்கேயே போய்விடும். பாதிக் கவனம் வேஷத்தைக் காப்பாற்றுவதிலேயே செலவாகிறதே!

கேரளத்து ராப்பர் ஹனுமான்கைண்ட் ஆங்கிலத்தில் அமெரிக்க இழுப்போடு சொல்கிறார் என்றால் அவர் டெக்சஸின் ஹியூஸ்டனில் வளர்ந்தவர். அந்த இழுப்பு அவருக்குத் தெருவில் கிடைத்தது. அரக்கோணத்திலிருந்து வந்த ராப்பர் அறிவின் குரலில் ஒப்பாரியின் இழுப்பும் கானாவின் துள்ளலும் கேட்கும், அதுவும் அவர் கேட்டு வளர்ந்ததுதான். அவர்கள் குரலை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரவர் பேச்சை எப்படிப் பீட்டில் உட்காரவைத்தார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

உங்கள் இயல்பான சுருதி எது என்று தெரியவில்லையா? பாட்டி கதை சொல்லும்போது ‘ம்...ம்’ என்று கொட்டுவோமே, அந்த ‘ம்’ எந்த உயரத்தில் வருகிறதோ அதுதான் உங்கள் தொண்டைக்குச் சிரமமில்லாத இடம். அங்கிருந்து தொடங்குங்கள். கோபத்துக்கு மேலே போகலாம், மிரட்டலுக்குக் கீழே இறங்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். பதினாறு வயதுப் பையன்கள் முப்பது வயதுக் கட்டைக்குரலை வரவழைக்கப் பார்ப்பதை அடிக்கடி கேட்கிறேன். இரண்டு நிமிடம் தாங்கும். மூன்றாவது நிமிடம் இருமல்தான்.

மூச்சு

தரையில் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது புத்தகம் மேலே போக வேண்டும், விடும்போது கீழே வர வேண்டும். புத்தகம் அசையாமல் நெஞ்சும் தோளும் தூக்கிக்கொண்டால் மூச்சை மேலோட்டமாகத்தான் எடுக்கிறீர்கள். படுத்து வந்தபின் அதையே நின்றுகொண்டு செய்யுங்கள். அடுத்து, மூச்சை நிரப்பிக்கொண்டு ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே அளவில் விடுங்கள். இருபது வினாடி வந்தால் தொடக்கத்துக்குப் போதும், போகப் போக முப்பதாகும். முக்கியம் நேரமில்லை, சீர்தான். முதலில் பலமாக வந்து கடைசியில் தேய்ந்தால், உங்கள் வரிகளும் அப்படித்தான் தேயும்.

இப்போது கணக்கு. 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) பீட்டில் நாலு தட்டு கொண்ட ஒரு பார் ஏறத்தாழ 2.7 வினாடி, பதினாறு பார் ஏறத்தாழ 43 வினாடி. இதை ஒரே மூச்சில் சொல்லிவிட யாராலும் முடியாது. ஆகவே எங்கே மூச்சு எடுப்பது என்பதையும் எழுதும்போதே முடிவுசெய்ய வேண்டும். நோட்டில் அந்த இடத்தில் ஒரு சாய்கோடு போடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் எடுக்க வேண்டும். இடமே கிடைக்கவில்லையென்றால் வரியில் சொல் அதிகம். ‘அந்த’, ‘இந்த’, ‘ஒரு’, ‘தான்’ ஆகியவற்றை முதலில் வெட்டுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். அமெரிக்க ராப்பர் ராக்கிம் இளவயதில் சாக்ஸபோன் வாசித்தவர். ஊதுகிறவனுக்கு மூச்சு விடும் இடமும் இசையின் பகுதிதான். அவர் வரிகளை உடைக்கும் விதத்தில் அந்தப் பழக்கம் தெரியும்.

வேகமான இடங்களில் மூக்கால் இழுக்க நேரம் இருக்காது. வாயைச் சற்றுத் திறந்து, சத்தமில்லாமல், சின்ன மடக்காக எடுங்கள். ‘ஹக்’ என்று சத்தம் வந்தால் தொண்டை இறுகியிருக்கிறது என்று பொருள்.

தகதிமி

பாலக்காட்டில் இருந்துகொண்டு தாளம் படிக்க யூட்யூபை மட்டும் நம்புவது பாவம். மிருதங்கம் பழகுகிற வீட்டுப் பக்கம் போனாலே கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்வது) காதில் விழும். ராப்பருக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கையால் நாலு தட்டு தட்டுங்கள், அது ஒரு பார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ‘தகதிமி’. மொத்தம் பதினாறு இடம். இது வசப்பட்டதும் அதே தட்டுக்கு ‘தகிட’ சொல்லுங்கள், பன்னிரண்டு இடம். ட்ராப் என்ற ராப் வகைப் பாட்டுகளில் உருண்டு ஓடுவதுபோல வருவது இந்த மூன்றுதான். தட்டை மாற்றாமல் ஒரு பார் தகதிமி, ஒரு பார் தகிட என்று மாறி மாறிச் சொல்லிப் பழகுங்கள். மாறும் இடத்தில் கை தடுமாறும். தடுமாற்றம் நிற்கும்வரை சொற்களைத் தொடாதீர்கள்.

அப்புறம் வரியைப் பதினாறு இடத்தில் உட்காரவையுங்கள். ‘வா-ளை-யார்-தாண்-டி-வந்-த-காத்-து’ ஒன்பது துண்டு. பதினாறில் ஒன்பது போனால் ஏழு இடம் மிச்சம். அந்த ஏழை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் ஃப்ளோ. ‘வாளையார்’ என்பதை இழுக்கலாம், ‘தாண்டி’க்கு முன் ஒரு நொடி நிற்கலாம், எல்லாவற்றையும் முன்னால் கொட்டிவிட்டுக் கடைசியில் மூச்சு வாங்கலாம். ஒரே வரியை மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான பீட்டுகளில் ஸ்நேர் (‘டப்’ என்று விழும் டிரம் அடி) இரண்டாவது, நாலாவது தட்டில் விழும். ‘காத்து’ என்பதன் ‘காத்’ நாலாவது தட்டில் சரியாக விழுந்தால் கேட்கிறவர் தலை தானாக ஆடும்.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் மைக் வேண்டாம் என்று பிடிவாதமாக வாசித்தவர். நமக்கு அது கட்டுப்படியாகாது. ஆனாலும் வாரத்தில் ஒருநாளாவது மைக், பீட் எதுவும் இல்லாமல், கைத்தட்டை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் சொல்லிப் பாருங்கள். பீட்டின் சத்தம் எத்தனை ஓட்டைகளை மூடிவைத்திருந்தது என்பது வெளியே வரும்.

வரியின் வால்

நான் கேட்ட புதியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கும் குறை இது. தமிழ் வாக்கியம் வினையில் முடிகிறது. வினையின் கடைசியில் ‘-கிட்டிருக்கேன்’, ‘-ப்போறேன்’, ‘-ச்சிட்டான்’ என்று வால்கள். பேச்சில் அந்த வாலை விழுங்கிவிடுவோம். எதிரில் இருப்பவருக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிடுவதால் நஷ்டமில்லை. ராப்பில் இயைபுக்கு (வரிக் கடைசிகள் ஒன்றுபோல ஒலிப்பதற்கு) பொருத்தமாக வைத்த சொல் பெரும்பாலும் அந்த வாலில்தான் உட்கார்ந்திருக்கிறது. மூச்சும் அங்கேதான் தீர்கிறது. அதனால் வரியிலேயே முக்கியமான சொல் முணுமுணுப்பாகிவிடுகிறது.

இதைச் சோதிக்க நண்பரை முற்றத்தின் அந்தக் கோடியில் நிற்கவையுங்கள். நீங்கள் இந்தக் கோடியிலிருந்து கத்தாமல் சொல்லுங்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் அவர் காதில் விழுந்த கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘காத்து’ என்றதை அவர் ‘காது’ என்றால் ‘த்து’வை நீங்கள் அழுத்தவில்லை. ‘ஆளு’வை ‘ஆலு’ என்றால் நாக்கு மடியவில்லை. நண்பர் கிடைக்காவிட்டால் போனை அறையின் மறுமூலையில் வைத்துப் பதிவு செய்யலாம், ஆனால் நண்பர்தான் நல்லது. போன் கிண்டல் செய்யாது.

இன்னொரு வழி, பின்னாலிருந்து கட்டுவது. முதலில் ‘காத்து’ மட்டும் பத்துத் தடவை பலமாக. பிறகு ‘வந்த காத்து’. பிறகு ‘தாண்டி வந்த காத்து’. கடைசியில் முழு வரி. இப்படிப் பழகினால் வரி முடிவை நோக்கிக் குரல் இறங்காமல் ஏறும்.

குறில் நெடிலும் இதே கதைதான். ஆங்கிலப் பாட்டைக் கேட்டு வேகத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் நெடிலை நறுக்கிவிடுகிறார்கள். தமிழில் ‘பாட்டு’ நறுங்கினால் ‘பட்டு’, ‘காலு’ நறுங்கினால் ‘கலு’, அதற்கு அர்த்தமே இல்லை. ‘க்க’, ‘ட்ட’, ‘த்த’ போன்ற இரட்டிப்புகளில் ஒரு நொடி வாய் மூடிக் காற்று நிற்கிறது. அந்த நிறுத்தத்தை விழுங்காமல் முழுதாகக் கொடுங்கள். டிரம்மே இல்லாமல் டிரம் கேட்கும். வல்லினம் மிகுந்த சொல்லை ஸ்நேர் மேல் வைத்தால் அறை விழுந்ததுபோல இருக்கும். மெல்லினத்தை இழுத்தால் ஏக்கம் வரும். இலக்கண வகுப்பில் தூங்கியவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

நாக்கு தெளிய வேண்டுமென்றால் செய்தித்தாளில் ஒரு பத்தியை வாயை மிகையாகத் திறந்து, மிக மெதுவாகப் படியுங்கள். அடுத்து நடுத்தர வேகம், அடுத்து ஓட்டம். எந்த வேகத்தில் ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகிறதோ அதுதான் உங்களுடைய இன்றைய எல்லை. அதைவிட வேகமாக மேடையில் போகாதீர்கள்.

உணர்ச்சி

‘எந்த ஊருன்னு கேக்குற ஆளு’ என்ற வரியை எடுங்கள். ‘எந்த’வை அழுத்தினால் சந்தேகத்தோடு விசாரிக்கிறவர் தெரிகிறார். ‘கேக்குற’வை அழுத்தினால் உங்கள் எரிச்சல் தெரிகிறது. ‘ஆளு’வை அழுத்தினால் ‘நீ யாருடா’ என்கிற ஏளனம். எழுத்து ஒன்றே, செய்தி மூன்று. பாட்டு முழுவதற்கும் ஒவ்வொரு வரியிலும் எந்தச் சொல் கனக்க வேண்டும் என்று அடிக்கோடு போடுங்கள். ஒரு வரிக்கு ஒன்றுதான். எல்லாச் சொல்லையும் அழுத்தினால் எதையுமே அழுத்தவில்லை.

யாரிடம் சொல்கிறீர்கள் என்பதும் தீர்மானமாக இருக்க வேண்டும். ‘மக்களிடம்’ என்பது பதில் இல்லை. பஸ்ஸில் உங்களை மேலும் கீழும் பார்த்த நடத்துனர், படிப்பை விடச் சொன்ன மாமா, மாங்காய் சீசனில் முதலமடைத் தோப்பில் கூடச் சுமந்த தோழன், இப்படி ஒரு முகம். மாமாவிடம் பேசும் குரல் தோழனிடம் பேசும் குரலாக இருக்காது. முகம் மாறினால் குரலை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை, அதுவே மாறிக்கொள்ளும்.

குரலால் மட்டுமே பாத்திரங்களை நிறுத்துவது எப்படி என்று பார்க்க இந்த மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது. பகவதி கோயில் கூத்துமாடங்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தில் புலவர் திரைக்குப் பின்னால் இருப்பார். முகம் தெரியாது, கை தெரியாது. கம்பன் பாடல்களைச் சொல்லி, இடையிடையே மலையாளம் கலந்து பொருள் விரித்து, ராமனும் ராவணனும் குரலிலேயே நிற்பார்கள். பல இரவுகளில் முன்னால் பார்வையாளரே இருப்பதில்லை. பகவதி கேட்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஒரு இரவு போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேளுங்கள். அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக் லாமர் ஒரே பாட்டுக்குள் மூன்று நான்கு குரல் மாற்றுவதைக் கண்டு வியக்கிறோம், அது சரிதான். ஆனால் அதைப் பக்கத்தில் நின்று கவனிக்க இங்கேதான் வாய்ப்பு.

எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பயன்படுத்தப்படுவது மௌனம். ‘ரெண்டு பக்கமும்’ என்று சொல்லி, ஒரு தட்டு முழுக்க விட்டு, ‘என்னோட காலு’ என்று சொல்லிப் பாருங்கள். கூட்டம் அந்த ஒரு தட்டில் உங்கள் வாயைப் பார்க்கும்.

பதிவு

திண்ணையில், தோப்பில் பதிவு செய்வதை விட்டுவிடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. அந்த வாய் வழியாக வரும் காற்று உங்கள் போன் மைக்கைச் சும்மா விடாது. துணி நிறைந்த அலமாரியும் மெத்தையும் உள்ள சின்ன அறை, பின்னால் ஒரு கம்பளி, இது போதும். ஃபேனை நிறுத்துங்கள். ஏப்ரல் மாதத்தில் இது கொடுமைதான், அதிகாலையில் செய்யுங்கள்.

பேண்ட்லேப் போன்ற இலவச ஆப் ஆரம்பத்துக்குத் தாராளம். ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், நீங்கள் சரியாகச் சொன்னாலும் பீட்டுக்குப் பின்னால் விழும். அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடாமல், உச்சத்தில் -6 டெசிபல் அளவில் நிற்க வேண்டும். ‘ப’ வரும்போது காற்று அடித்தால் மைக்கை நேராக வாய்க்கு எதிரே வைக்காமல் கடைவாய்ப் பக்கம் சற்றுத் தள்ளி வையுங்கள்.

ஒவ்வொரு வெர்ஸுக்கும் (பாட்டுப் பகுதிக்கும்) மூன்று டேக், அதாவது மூன்று தடவை பதிவு. முதலாவது அடக்கமாக, இரண்டாவது பேசுவதுபோல, மூன்றாவது வெட்கப்படும் அளவுக்கு மிகையாக. மறுநாள் கேட்டால் அந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும். முகமும் கையும் இல்லாமல் குரல் தனியாக வரும்போது பாதி உணர்ச்சி கழன்றுவிடுகிறது, அதற்கு ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

தொண்டை

பழகும் முன் உதடுகளைச் சேர்த்து ‘ப்ர்ர்ர்’ என்று அதிரவைத்தபடி சுருதியை மேலும் கீழும் நகர்த்துங்கள், இரண்டு நிமிடம். ஸ்ட்ரா வழியாக ‘ஊ’ என்று முனகுவதும் அதே பலன் தரும். தண்ணீர் நாள் முழுக்கச் சிறிது சிறிதாக. சித்தூர்க் கள்ளுக்கு நல்ல பெயர் உண்டு, ஆனால் பாடுகிற நாளில் வேண்டாம், தொண்டையை உலர்த்திவிடும். குரல் கம்மினால் கிசுகிசுவென்று பேசாதீர்கள், அது இன்னும் சிரமம் தரும். பேசாமல் இருங்கள். கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேடை

பாட்டு எந்த அளவுக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும் என்றால், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பிசகாமல் சொல்ல வேண்டும். போனைப் பார்த்துப் படித்தால் தலை குனியும், தலை குனிந்தால் குரல் அடைபடும். முதலில் நாலு நண்பர்கள், அப்புறம் வாயனசாலை (ஊர் நூலகம்) ஆண்டுவிழா, கல்லூரிக் கலைவிழா. நேராக ‘வேலா’ எனும் கோயில் திருவிழா மேடையில் ஏறாதீர்கள். பக்கத்தில் செண்டைமேளம் முடிந்த காதுக்கு உங்கள் குரல் கொசுவாகத்தான் கேட்கும்.

மைக் செட்காரரிடம் முன்கூட்டியே போய் மரியாதையாக ஒன்று சொல்லுங்கள்: “அண்ணே, எக்கோவைச் சுத்தமா எடுத்துடுங்க.” நாடகத்துக்கும் அறிவிப்புக்கும் பழகியவர்கள் எக்கோவை அள்ளிப் போடுவார்கள். ராப்பில் ஒரு சொல் முடியுமுன் அடுத்தது வந்துவிடுகிறது, எக்கோ இருந்தால் எல்லாம் கஞ்சியாகிவிடும். குரல் இல்லாத பீட்டைப் பென்டிரைவில் ஒன்று, போனில் ஒன்று வைத்திருங்கள். போன் ஏரோப்ளேன் மோடில் இருக்கட்டும். இல்லையென்றால் நடுப்பாட்டில் அம்மா கூப்பிடுவார்.

மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தாதீர்கள். வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் குரல் மங்கும், ஸ்பீக்கர் கீச்சென்று அலறும். தண்டைப் பிடித்து, உதட்டுக்கு இரண்டு விரல் தூரத்தில் வைத்து, உரக்கச் சொல்லும் இடத்தில் சற்று விலக்குங்கள். மூச்சு திணறும் இடங்களில் வரியின் கடைசிச் சொல்லை மட்டும் கூடவே சொல்ல ஒரு தோழனை நிறுத்திக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். பெரிய ஆட்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

இங்கே கூட்டத்தில் பாதி மலையாளம் பேசுகிறவர்கள். தமிழ் அவர்களுக்குப் புரியும், வேகமான தமிழ்தான் புரியாது. ஹூக்கை (திரும்பத் திரும்ப வரும் வரியை) எளிய சொற்களில் வைத்து, முதல் தடவை அதைச் சற்று நிதானமாகச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை அவர்களே சேர்ந்து சொல்வார்கள். வரி மறந்துபோனால் நிற்காதீர்கள், தகதிமியைச் சொல்லிக்கொண்டோ, ‘கையத் தூக்கு’ என்று கத்திக்கொண்டோ அடுத்த பாரில் ஏறிக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்டால்தான் பிசகியது தெரியவரும்.

கடைசி வரிசையில் ஒரு நண்பரைப் போனோடு நிற்கவைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முன்வரிசைப் பதிவு உங்களை ஏமாற்றும். மறுநாள் நோட்டை வைத்துக்கொண்டு கேட்டு, விழுங்கிய வால்களை வட்டமிடுங்கள். அவற்றில் இரண்டை மட்டும் அந்த வாரம் சரிசெய்தால் போதும், மற்றவை அடுத்த வாரத்துக்கு.